கடைசிப் பாட்டும் கடைசி பஸ்ஸும்

ஆண்டு விழாப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது இந்தப் பொறுப்புதான். திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

எனக்கு வந்ததும் அப்படித்தான். நான் தையல் டீச்சர். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் சொல்லிக்கொடுத்தவள். ஒரு கூட்டத்தில் தலைமை ஆசிரியர், "துணிமணியெல்லாம் டீச்சர் கையிலதான இருக்கு, நாடகத்தையும் அவங்களே பாத்துக்கட்டும்" என்றார். கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் உடனே கை தட்டினார்கள். அவர்கள் அவ்வளவு வேகமாக வேறு எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

எனக்கு ராகமும் தெரியாது, நடிப்பும் தெரியாது. தையல் மெஷினை மிதிக்கும்போது வருகிற தாளம் தெரியும். தெருவில் பழைய இரும்பு எடுக்கிறவர் போடும் கூவல் தெரியும். அந்த இரண்டையும் வைத்து ஒரு பாட்டு நாடகம் கட்டினேன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டி நடக்கிறது, பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து சொதப்புகிறார்கள், அவ்வளவுதான். அப்பா எழுதிக் கொடுத்ததைப் புரியாமல் ஒப்பிக்கும் பிள்ளை, ஒரு சொல் மறந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளை, காகித மீசை ஒட்டிக்கொண்டு தூங்கும் நடுவர். எல்லாம் எங்கள் பள்ளியிலேயே கிடைத்த சரக்கு. நடுவர் வேடத்துக்கு யாரைப் பார்த்து எழுதினேன் என்று அந்த சார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இந்த நாடகத்தின் நட்சத்திரம் ரியாஸ். பஜாரில் ரெடிமேட் கடை வைத்திருப்பவரின் மகன். அவன் வேடம், வணக்கம் சொல்லி முடிக்கவே முடியாத பேச்சாளன். பழைய இரும்புக்காரர் மெட்டில் அவன் இப்படிப் பாடுவான்:

"மேடைக்கு வணக்கம், மேஜைக்கு வணக்கம்,
மேஜை மேல விரிச்ச துணிக்கும் வணக்கம்,
தண்ணி பாட்டிலுக்கு வணக்கம்,
அதும் மூடிக்குத் தனியா வணக்கம்!"

இதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் இழுப்பான். கண்ணில் பட்டதற்கெல்லாம் வணக்கம் போட்டுவிடுவான். வகுப்பிலும் அப்படித்தான் என்பதால் நான் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கு நேர் எதிர் அஞ்சலி. கல்வராயன் மலையிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படித்த எட்டாம் வகுப்புப் பெண். வகுப்பில் வாயே திறக்காது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும், உட்காரச் சொன்னால் உட்காரும். அதற்குப் பாடம் ஏறவில்லை என்று சில டீச்சர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். என் வகுப்பில் மெஷின் சத்தத்துக்கு நடுவே அது ஏதோ முணுமுணுப்பதை ஒரு நாள் கேட்டேன். பக்கத்தில் போய் நின்றேன். முணுமுணுப்பு அல்ல, பாட்டு. அதுவும் என்னைப் பற்றிய பாட்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடும் டீச்சரைப் பற்றி.

கோபம் வரவேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே அஞ்சலியை நாடகத்தில் சேர்த்தேன். அதன் வேடம் 'கடைசி நம்பர்'. நாடகம் முழுக்க மேடையில் ஓரமாக ஒரு பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவர் ஒவ்வொரு முறை "அடுத்து!" என்னும்போதும் எழுந்திருக்கும், வேறு யாராவது முந்திக்கொள்வார்கள், திரும்ப உட்காரும். கடைசியில்தான் மைக் கிடைக்கும். அப்போது, இத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் போட்டு உடைக்கிற பாட்டு ஒன்று. அந்தப் பாட்டை நான் எழுதவில்லை, அதுவே கட்டிக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். மேடையில் இருக்கும் பிள்ளையிடம் கத்திப் பேச முடியாது. அதனால் என் தொழில் சாமானையே சைகையாக வைத்திருந்தேன். பக்கவாட்டில் நின்று இஞ்ச் டேப்பை இழுத்துக் காட்டினால் 'நீட்டு' என்று அர்த்தம். இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டினால் 'வெட்டு, நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போ' என்று அர்த்தம். டேப்பை மட்டும்தான் அடிக்கடி காட்ட வேண்டியிருக்கும், கத்திரிக்கு வேலை வராது என்று நினைத்திருந்தேன்.

விழா அன்று மத்தியானம் தையல் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். அஞ்சலியின் அப்பா அண்ணாமலை. மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் மடித்து வைத்த ஒரு பெரிய பை. நாடகம் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சந்தோஷமாக வரவேற்றேன்.

"புள்ளய இட்டுகினு போலாம்னு வந்தேன் டீச்சர்" என்றார்.

"லீவுக்கா?"

"இல்லீங்க. ஒரேடியா. டிசிய அப்பால வந்து வாங்கிக்கறேன்."

கையிலிருந்த துணியை வைத்துவிட்டுக் கேட்டேன். "இன்னா ஆச்சுங்க? யாராச்சும் எதனா சொன்னாங்களா?"

"முன்ன ஓயாம பேசிகினே இருக்கும் டீச்சர். ஆடு மேய்க்கப் போனாகூட ஆட்டாண்ட பேசிகினு போவும். இங்க வந்தப்பறம் லீவுக்கு வூட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டேங்குது. அவங்கம்மாவுக்குச் சோறு எறங்கல. படிப்பு கம்மியா இருந்தாலும் பரவால்லிங்க, புள்ள புள்ளயா இருக்கணும்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று பெரிய பேச்சுப் பேசலாம். அவர் பேசாமல் கேட்டுக்கொள்வார், போகும்போது பெண்ணையும் அழைத்துக்கொண்டு போவார். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இன்னிக்கு நாடகத்துல அஞ்சலி இருக்கா. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"பாக்கறேன். ஆனா கடைசி பஸ்ஸ வுட்டா மலைக்கு வேற வண்டி இல்ல டீச்சர். நேரமாயிட்டா மேடையா இருந்தாலும் கூப்ட்டுகினு கெளம்பிடுவேன்."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பெண் ஊமையாகிவிட்டாளே என்ற கவலையில் வந்திருக்கும் மனிதருக்கு, அதே பெண்ணை மேடையில் ஏற்றி, கடைசிவரை ஊமையாக உட்கார வைத்துக் காட்டப்போகிறேன். "கடைசியில ஒரு பாட்டு இருக்குங்க" என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

மத்தியானம் தொடங்கவேண்டிய விழா தொடங்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் அரிசி மண்டி வைத்திருப்பவர், பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த நல்ல மனிதர். திருநாவலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். ஆலை ஓடுகிற மாதத்தில் விழா வைத்தால் இதுதான் கதி. விருந்தினர் இல்லாமல் குத்துவிளக்குக்கூட ஏற்றக் கூடாது என்பது தலைமை ஆசிரியரின் கொள்கை. பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

கூட்டம் நெளிந்தது. பின் வரிசையில் அண்ணாமலை பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நிலையம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலைமை ஆசிரியரிடம் போனேன்.

"சார், நாடகத்த ஆரம்பிச்சுடலாமா?"

"விருந்தினர் வராமயா? இன்னா டீச்சர் பேசறீங்க!"

"நாடகம்னு ஏன் சார் நெனைக்கறீங்க. மைக் டெஸ்டிங். சத்தம் சரியா கேக்குதான்னு பசங்க கொஞ்சம் பாடிப் பாக்கட்டும்."

அவர் யோசித்தார். மைக் சோதிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. "சோதனைன்னா சரி" என்றார். திரை விலகியது. இப்படித்தான் எங்கள் நாடகம் அரங்கேறியது, அதிகாரப்பூர்வமாக மைக் டெஸ்டிங் என்ற பெயரில்.

பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும் பையனுக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவரின் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஒத்திகையில் அது கிடையாது, ஆனால் நன்றாக எடுபட்டது. ஓரத்துப் பெஞ்சில் அஞ்சலி எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது, உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் அவர் முகம் வாடிக்கொண்டே போனது. எனக்கு அங்கே பார்க்கவே பயமாக இருந்தது.

ரியாஸ் மைக்குக்கு வந்தான். முன் வரிசையில் அவன் அம்மா, அத்தைகள், சித்தப்பா எல்லாரும் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வணக்கத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. விருந்தினர்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். விருந்தினர் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் என்ன நடக்கும்? நடந்துகொண்டிருப்பது எதுவாக இருந்தாலும் நிற்கும். மேடையில் நாற்காலிகள் ஏறும். பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, சிறப்புரை. அதெல்லாம் முடியும்போது அண்ணாமலையும் அஞ்சலியும் மலைமேல் இருப்பார்கள்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நிறுத்து. பொன்னாடையோடு மேடைப் படியை நோக்கி வந்தார். அதே நேரம் பின் வரிசையில் அண்ணாமலை எழுந்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக மேடைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அதற்குள் ரியாஸ் விருந்தினரைப் பார்த்துவிட்டான். அவனை யாரும் ஏவவில்லை.

"வாசல்ல வந்த விருந்தினருக்கு வணக்கம்,
அவரு வந்த காருக்கு வணக்கம்,
வழிய மறிச்ச கரும்பு வண்டிக்கும் வணக்கம்,
ஒவ்வொரு கரும்புக்கும் தனித்தனியா வணக்கம்!"

கூட்டம் கூரை பறக்கச் சிரித்தது. விருந்தினரும் சிரித்தபடி முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். நான் படியில் தலைமை ஆசிரியருக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"சார், அவருக்குத்தான் வணக்கம் பாடிகினு இருக்கான். இப்ப நிறுத்தினா அவருக்கு மரியாத கொறச்சலா ஆயிடுமே."

தலைமை ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார். மரியாதை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் கால் ஓடாது. ஆனால் இது எத்தனை நேரம் தாங்கும்? ரியாஸ் என்னைப் பார்த்தான். டேப்பை இழுப்பேன் என்று எதிர்பார்த்தான். இன்னும் அவனுடைய பெரிய காட்சி பாக்கி இருந்தது; அவனுக்குக் கோப்பை கொடுத்து, எல்லாரும் தோளில் தூக்கி ஆடும் காட்சி. அதைப் பார்க்கத்தான் அவன் வீடே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் இரண்டு விரலை நீட்டிக் கத்திரி காட்டினேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. ஒரு முறை அம்மாவைப் பார்த்தான். பிறகு மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, "கடைசி நம்பர், வாங்க!" என்று பெஞ்சுக்குப் போய் அஞ்சலி கையில் கொடுத்தான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதே தெரியும். இன்றும் அவன் கடைக்குப் போனால், "என் சீன வெட்டுன டீச்சர் வந்துட்டாங்க" என்றுதான் வரவேற்கிறான்.

அஞ்சலி மைக்கோடு நடுமேடைக்கு வந்தது. நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்து விருந்தினர் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். தலைமை ஆசிரியர் பொன்னாடையை விரித்தார். அண்ணாமலை மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். பாட்டு ஆரம்பிக்கவில்லை. அந்தப் பெண் அப்பாவையே பார்த்தது. தோளில் இருந்த பையைப் பார்த்தது. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

அப்போது மைக்கில் ஒரு குரல் கேட்டது. ஒத்திகையில்கூட யாரும் அதுவரை கேட்டிராத குரல்.

"யப்பா! எங்க கெளம்பற? இத்தினி நேரம் நான் பேசாம குந்திகினு இருந்தேன் இல்ல? இப்பதான் என் பாட்டு வருது. நீ குந்து!"

அண்ணாமலை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் நியாயம். விருந்தினரும் உட்கார்ந்துவிட்டார். பொன்னாடையோடு நின்ற தலைமை ஆசிரியர் படியிலேயே உட்கார்ந்தார். அந்தக் குரலுக்கு அப்படி ஓர் அதிகாரம் இருந்தது. நானும் எதன்மேலோ உட்கார்ந்தேன், அது பிள்ளைகள் படி ஓரத்தில் வைத்துவிட்டுப் போன நடுவரின் மேஜைமணி. நன்றாகவே சத்தம் வந்தது.

பிறகு பாட்டு.

"பேசாம குந்திகினு பாத்தேன், எல்லாம் பாத்தேன்,
வணக்கம் போட்டவன் வாயி வலிக்கப் பாத்தேன்,
மறந்து போனவன் மறுபடி வரப் பாத்தேன்,
நடுவரு தூங்க, மீச நடக்கப் பாத்தேன்,
என்ன மட்டும் யாரும் பாக்கலியே,
இப்பப் பாருங்க, நல்லாப் பாருங்க!"

நடக்கும் மீசை வரி அஞ்சலி அங்கேயே, அப்போதே கட்டியது. பாட்டுக்கு நடுவில் பஸ் நிலையத்திலிருந்து ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு அந்த ஹாரன்தான். அண்ணாமலை திரும்பியே பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைத் தேடினேன், நெற்றியில் இருந்தது.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் சாயம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பாவும் பெண்ணும் தையல் அறையில் இருந்தார்கள். மத்தியானம் என்னிடம் சொன்னதையேதான் அவர் அதனிடமும் கேட்டார். "மேடையில இம்மாம் பேச்சு பேசற. வூட்டுக்கு வந்தா மட்டும் ஏன் ஊமையாட்டம் இருக்கற?"

"இங்க பேசினா மலப் பேச்சுன்னு சிரிக்கறாங்க. அங்க வந்து பேசினா டவுன் பேச்சுன்னு சிரிக்கறீங்க. எங்கதான் பேசறது?"

"யாரு சிரிச்சா? சொல்லு, கேக்கறேன்."

"நீதான். போன லீவுல வந்ததும் 'இன்னா டவுன் டீச்சரம்மா, மலைக்கு வந்துட்டீங்களா'ன்ன. எல்லாரும் சிரிச்சாங்க."

அவர் பையின் காதைத் திருகினார். "நான் பெருமயாத்தான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "அது தெரியல உனுக்கு?"

"அப்ப பெருமன்னு சொல்லிட்டு சொல்லு" என்றது அஞ்சலி.

"மேடையில பாடினப்ப சிரிச்சாங்களே, அது பரவால்லியா?" என்று நான் கேட்டேன்.

"அது சிரிக்கத்தான டீச்சர் பாடினேன்."

இதற்குமேல் பாடம் நடத்த என்னிடம் ஒன்றும் இல்லை. வகுப்பில் அது ஏன் பேசவில்லை என்று கேட்பதற்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மதிப்பெண் மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம். மறுவாரமே அந்தப் பாட்டை வகுப்பு வகுப்பாகப் பாடிக்கொண்டு திரிந்தார்கள், அதுவும் 'குந்திகினு' என்பதை அஞ்சலி சொன்ன மாதிரியே இழுத்து. அதன் பிறகு மலைப் பேச்சு என்று யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டுவிட்ட அண்ணாமலையை ரியாஸின் அப்பா தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். காலையில் முதல் பஸ்ஸில் அவர் மலையேறினார். வந்த பை வந்தபடியே, காலியாகப் போனது. தலைமை ஆசிரியர் எனக்கு மெமோ கொடுக்கப்போவதாக ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தினரே போன் செய்து, நாடகம் பிரமாதம், அடுத்த வருடமும் நானே வருகிறேன் என்று சொன்ன பிறகு, நாடகம் தன் யோசனை என்று தலைமை ஆசிரியரே சொல்லத் தொடங்கினார்.

ஆகவே, புதிய பொறுப்பாளர்களே, பாட்டுக்கு டிராக், மேடைக்கு லைட் என்றெல்லாம் போனில் தேடிக்கொண்டிருப்பீர்கள், தேடுங்கள். ஆனால் விழா அன்று காலையில் முதல் வேலையாக, வந்திருக்கும் பெற்றோரில் யார் கடைசி பஸ்ஸில் போக வேண்டியவர் என்று விசாரித்து வையுங்கள். காரில் வருகிறவர் எப்படியும் காத்திருப்பார். ஒருவேளை காத்திருக்காவிட்டால் மைக் டெஸ்டிங் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வருடம் அண்ணாமலை முந்தின நாளே மனைவியோடு வந்துவிட்டார். நேராக முன் வரிசைக்குப் போய் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவை விருந்தினருக்குப் போட்ட நாற்காலிகள். எழுந்திருக்கச் சொல்லத் தலைமை ஆசிரியர் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு மேடையைப் பார்த்தார். அங்கே அஞ்சலி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் திரும்பிப் போய்ப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு நாற்காலி எடுத்து வந்து போட்டார்.